ஒரே செய்தி, மூன்று இதயங்கள்: அதிர்ச்சியில் நாடி ஒருவருக்கு ஓடுவதும் ஒருவருக்கு அடங்குவதும் ஏன்?

கேள்வி: வடவாறு

அனைவருக்கும் வணக்கம். சென்ற வியாழக்கிழமை இரவு 11 மணியளவில் மன்னார்குடியில் எங்கள் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. சேலத்துக்கு அருகே நடந்த சாலை விபத்தில் என் தாய்மாமா அதே இடத்தில் இறந்துவிட்டார் என்று சொன்னார்கள். அந்தச் செய்தியை ஒரே கூடத்தில், ஒரே நிமிடத்தில் கேட்டவர்கள் மூவர்: நான், என் அம்மா, என் சித்தி. அம்மாவும் சித்தியும் மாமாவுடன் பிறந்தவர்கள். மூவருக்கும் நடந்தது மூன்று விதம் என்பதால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வயது 44. கேட்ட நொடியில் நெஞ்சு பகீரென்றது, காது அடைத்துக்கொண்டது, இதயம் அடித்துக்கொள்வது கழுத்தில் தெரிந்தது. கைக்கடிகாரம் 138 என்று காட்டியது. அரை மணி நேரத்தில் அது தணிந்தாலும், அடுத்த இரண்டு இரவுகளும் படுத்தவுடன் ஒரு துடிப்பு தவறிப்போவதையும், அதற்கு அடுத்த துடிப்பு தொண்டைக்குழி வரை வந்து இடிப்பதையும் உணர்ந்தேன்.

சித்திக்கு வயது 59. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முகம் வெளுத்து, குப்பென்று வியர்த்து, தூணோடு சரிந்து விழுந்தார். கைகள் இரண்டு முறை வெட்டி இழுத்தன. யாரோ சாவிக்கொத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் திணித்தார்கள். மருந்துக்கடை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, நாடி மிக மெதுவாக, விட்டுவிட்டு அடிக்கிறது என்றார். மாரடைப்புக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையைக் கொடுக்கலாமா என்று இன்னொருவர் கேட்டுக்கொண்டிருந்தபோதே சித்தி கண் விழித்துவிட்டார்.

அம்மாவுக்கு வயது 68. அவர் அழவும் இல்லை, விழவும் இல்லை. ஊஞ்சலில் உட்கார்ந்தவர் விடியும்வரை அசையவே இல்லை. காலை 5 மணிக்கு நெஞ்சை அழுத்துகிறது, மூச்சு விட முடியவில்லை என்றார். முதலில் போன சிறிய மருத்துவமனையில், வாயுத் தொந்தரவும் துக்கத்தின் படபடப்பும்தான் என்று ஓர் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். நான் வற்புறுத்திய பிறகு ஈசிஜி எடுத்தார்கள், எடுத்தவர் முகம் மாறியது, தஞ்சாவூருக்கு ஓடினோம். அங்கே ஆஞ்சியோகிராமில் எந்தக் குழாயிலும் அடைப்பு இல்லை. ஆனால் எக்கோவில் இதயத்தின் நுனிப்பகுதி சுருங்காமல் பலூன் போல் உப்பியிருப்பதாகக் கூறினார்கள். மருத்துவர் டகோட்சுபோ என்று ஒரு ஜப்பானியப் பெயரைச் சொன்னார். இன்று நான்காம் நாள்; அம்மா இன்னும் மானிட்டரில்தான் இருக்கிறார்.

ஒரே செய்தி ஒருவருடைய இதயத்தை ஓட்டவும், ஒருவருடையதை ஏறக்குறைய நிறுத்தவும், ஒருவருடையதை உருமாற்றவும் எப்படி முடிகிறது? குழாயில் அடைப்பே இல்லாதபோது இன்னும் எதற்காக மானிட்டர்? தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: பழைய கரும்பலகை

உங்கள் இழப்புக்கு என் அனுதாபங்கள். நான் உடலியங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். நோயாளிகளைப் பார்ப்பவன் அல்லன். ஆகவே ஏன் இப்படி நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்; சிகிச்சையைப் பற்றி உங்கள் மருத்துவரே பேச வேண்டும்.

இதயம் பிறர் சொல்லித் துடிக்கும் உறுப்பு அன்று. அதன் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு என்னும் சிறு திசுத்துண்டு, எந்த நரம்பின் தலையீடும் இல்லாவிட்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை தானாகவே துடிப்பை எழுப்பும். ஆனால் ஓய்வில் நம் நாடி 70 அளவில்தான் இருக்கிறது. மீதி 30 எங்கே போயிற்று என்றால், மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு அதை இரவும் பகலும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வகுப்பில் நான் இதை மாட்டுவண்டியை வைத்துத்தான் விளக்குவேன்: வேகஸ் நரம்பு மூக்கணாங்கயிறு, இதயத்தை விரைவுபடுத்தும் பரிவு நரம்புகள் தார்க்குச்சி. வண்டியை வேகப்படுத்த முதலில் தார்க்குச்சி வேண்டியதில்லை; கயிற்றைத் தளர்த்தினாலே போதும்.

உங்களுக்கு நடந்தது இந்த வரிசையில்தான். காதில் விழுந்த சொல்லை ஆபத்து என்று மூளைக்குள் இருக்கும் அமிக்டலா குறித்துக்கொள்ள, மூளையின் மற்றொரு பகுதியான ஹைப்போதலாமஸ் வழியாக முகுளத்துக்கு ஆணை இறங்குகிறது. வேகஸின் பிடி ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலேயே தளர்ந்துவிடும். பகீர் என்ற அந்த முதல் நொடி அதனுடையது. அதன் பின் சில நொடிகள் கழித்துத்தான் பரிவு நரம்புகளின் முனைகளில் நார் அட்ரினலின் சுரந்து 100ஐத் தாண்டி விரட்டுகிறது. கடைசியாக, சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி ரத்தத்தில் அட்ரினலினைக் கொட்டுகிறது. நெடுநேரம் நீடிக்கும் நடுக்கமும் வியர்வையும் இதன் வேலை. மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களைப் பார்த்தால் இது தெளிவாக விளங்கும். நரம்புகள் அறுபட்ட அந்த இதயம் ஓய்விலேயே 90 முதல் 110 வரை துடிக்கும். திடுக்கிடும் செய்தி கேட்டாலும் உடனே எகிறாது. ரத்தத்தின் வழியே அட்ரினலின் வந்து சேர்ந்த பிறகே மெல்ல ஏறும்.

நரம்பு இதயத்தோடு பேசுவது வேதிப்பொருளின் மூலமாகத்தான் என்பதைக் காட்டியவர் ஓட்டோ லோவி. 1921இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில், ஒரு தவளையின் இதயத்தில் வேகஸைத் தூண்டி அதை மெதுவாக்கினார்; அந்த இதயத்தைச் சுற்றியிருந்த நீரை எடுத்து மற்றொரு தவளையின் இதயத்துக்குக் கொடுத்தபோது, எந்த நரம்பும் தொடாத அந்த இதயமும் மெதுவாயிற்று. இந்தச் சோதனை உறக்கத்தில் தோன்றியதாகவும், எழுதிவைத்த குறிப்பைக் காலையில் தன்னாலேயே படிக்க முடியவில்லை என்றும், மறுநாள் இரவு 3 மணிக்கு அது மீண்டும் தோன்றியவுடன் ஆய்வுக்கூடத்துக்கு எழுந்து போய்விட்டதாகவும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். (மாணவர்கள் பாடத்தை மறந்தாலும் இந்தக் கதையை மறப்பதில்லை.)

இனி உங்கள் சித்தி. அவருக்கும் முதலில் இதயம் ஓடத்தான் செய்திருக்கும். ஆனால் சிலருக்கு, அதுவும் நின்றுகொண்டிருக்கும்போது, இந்த ஏற்பாடு சட்டென்று தலைகீழாகத் திரும்பிவிடுகிறது: தார்க்குச்சி கீழே விழுகிறது, அதே கணத்தில் மூக்கணாங்கயிறு முழு வேகத்தில் சுண்டப்படுகிறது. ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருந்த பரிவு நரம்புகள் ஓய்ந்துபோவதால் ரத்தம் காலிலும் வயிற்றிலும் தேங்குகிறது. வேகஸ் இழுப்பதால் நாடி 40க்கும் கீழே போகலாம், சில நொடிகள் நின்றும் போகலாம். மூளைக்கு ரத்தம் எட்டாத அந்தச் சில நொடிகளில் கை கால் வெட்டி இழுப்பதைப் பார்த்துத்தான் நம் வீடுகளில் வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைத் தேடுகிறோம். சித்தியை எழுப்பியது சாவியன்று, தரை. படுத்த நிலையில் காலில் தேங்கிய ரத்தம் தானாகவே இதயத்துக்குத் திரும்பிவிடும். கால்களைச் சற்றுத் தூக்கிப் பிடித்திருந்தால் இன்னும் விரைவாக விழித்திருப்பார். பலர் செய்வது போல நாற்காலியில் தூக்கி உட்காரவைத்து வாயில் சோடா ஊற்றியிருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும். அந்த நாக்கடி மாத்திரையைக் கொடுக்காமல் போனதும் நல்லதாயிற்று. அது ரத்தக் குழாய்களை விரிக்கும் மருந்து, ஏற்கெனவே விழுந்துகிடந்த ரத்த அழுத்தத்தை மேலும் வீழ்த்தியிருக்கும்.

நீங்கள் சொல்லும் தவறிய துடிப்பு உண்மையில் தவறியதன்று, முந்திக்கொண்டது. அட்ரினலின் ஊறிய இதயத்தசை தன் முறை வருமுன்னரே ஒரு துடிப்பை எழுப்பிவிடுகிறது. இதயம் நிறைவதற்கு முன் வந்த அத்துடிப்பு வலுவற்றது, ஆகையால் உணரப்படுவதில்லை. பின்வரும் இடைவெளியில் வழக்கத்தைவிட அதிக ரத்தம் நிறைந்துகொள்வதால் அடுத்தது தொண்டை வரை இடிக்கிறது. பெரும்பாலும் இது தீங்கற்றது. என்றாலும் 44 வயதில் ஓர் ஈசிஜியும் எக்கோவும் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

மறுமொழி: இரவுப்பணி

இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் 17 ஆண்டுகளாகச் செவிலியாக இருக்கிறேன். ஐயா விட்ட இடத்திலிருந்து, உங்கள் அம்மாவைப் பற்றி எழுதுகிறேன்.

ஜப்பானியக் கடற்கரைகளில் பேய்க்கணவாயை (ஆக்டோபஸை) பிடிக்க, கழுத்து குறுகி வயிறு பருத்த ஒரு மண்பானையைக் கடலில் இறக்குவார்கள். அதன் பெயர்தான் டகோட்சுபோ. 1990இல் ஹிரோஷிமாவைச் சேர்ந்த ஹிகாரு சாட்டோவும் உடன் பணியாற்றியவர்களும் இந்த நோயை விவரித்தபோது, சுருங்கும் தருணத்தில் இடது கீழறையின் வடிவம் அந்தப் பானையைப் போலிருந்ததால் அப்பெயரைச் சூட்டினார்கள். கீழறையின் மேற்பகுதி இறுகச் சுருங்குகிறது. நுனிப்பகுதி அசைவற்று உப்புகிறது. அட்ரினலினும் நார் அட்ரினலினும் அளவுக்கு மீறிப் பாய்வதால் நுனித்தசை திகைத்துப்போகிறது என்பதே இன்று பலரும் ஏற்கும் விளக்கம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய நோயாளிகளின் ரத்தத்தில் இந்தச் சுரப்புகள், கடுமையான மாரடைப்பு வந்தவர்களிடம் இருப்பதைவிடவும் 2 முதல் 3 மடங்கு அதிகமாக இருந்தன. அந்த ஆய்வில் இருந்த 19 பேரில் 18 பேர் பெண்கள். பின்னர் 2015இல் பல நாடுகளிலிருந்து 1,750 நோயாளிகளைத் திரட்டிப் பார்த்தபோதும் 10இல் 9 பேர் பெண்களாகவும், சராசரி வயது 67 அளவிலும் இருந்தது. மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜனின் பாதுகாப்பு குறைவது இதற்கு ஒரு காரணமாகலாம்.

அதே 1,750 பேரில் மனத்துயரம் தூண்டியவர்கள் ஏறத்தாழ 28 சதவீதம்தான். நோய்த்தொற்று, அறுவை சிகிச்சை, மூச்சுத்திணறல் போன்ற உடல் காரணங்கள் அதைவிட அதிகம். காரணமே புலப்படாதவர்களும் மனத்துயரம் தூண்டியவர்கள் அளவுக்கே இருந்தார்கள். மகிழ்ச்சியான அதிர்ச்சியிலும் இது வந்ததுண்டு. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அம்மா வாய்விட்டு அழாததால்தான் இப்படியாயிற்று என்று உறவினர்கள் இந்நேரம் பேச ஆரம்பித்திருப்பார்கள். மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்த பெண்களையும் இதே நோயோடு நான் படுக்கையில் பார்த்திருக்கிறேன். அவர் அழுத விதத்திலோ அழாத விதத்திலோ குற்றம் ஏதும் இல்லை.

மானிட்டர் எதற்கு என்று கேட்டீர்கள். முதல் நாள் ஈசிஜியில் பலருக்கு மாரடைப்பு போலவே கோடு மேலே எழும்பும். இரண்டாம் மூன்றாம் நாட்களில் டி அலை என்னும் மேடு கீழ்நோக்கிக் கவிழ்ந்து ஆழமாகிறது; கூடவே க்யூடி என்னும் இடைவெளி நீளுகிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயத்தசை மின்னூட்டத்தை மீட்டுக்கொள்ள எடுக்கும் நேரம் அது. அந்த நேரம் நீண்டிருக்கும்போது ஒரு முந்திய துடிப்பு தவறான இடத்தில் வந்து விழுந்தால், கீழறை முறுக்கிக்கொண்டு தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே வலி போன பிறகும், நோயாளி இட்லி கேட்டு உட்கார்ந்திருக்கும் நேரத்திலும், நாங்கள் கம்பிகளைக் கழற்ற மாட்டோம். பொட்டாசியமும் மக்னீசியமும் குறையாமல் பார்ப்போம். க்யூடியை நீட்டக்கூடிய மருந்துகளையும் தவிர்ப்போம். வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டன்செட்ரானும், சளிக்கு நாமே கடையில் வாங்கிப் போடும் அசித்ரோமைசினும் அவற்றில் அடங்கும். வீட்டுக்குப் போன பிறகு வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால், இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உப்பிய நுனியில் ரத்தம் தேங்கி உறைந்துவிடக்கூடும் என்பதையும் எக்கோவில் பார்ப்பார்கள். பெரும்பாலோருக்குச் சில நாட்கள் முதல் சில வாரங்களுக்குள் இதயம் பழைய வடிவத்துக்கு வந்துவிடுகிறது. ஆனால் முதல் சில நாட்களின் ஆபத்து மாரடைப்பின் ஆபத்துக்குக் குறைந்ததன்று. வெறும் மனசுதான் என்று சொல்லி அனுப்பப் பார்த்த இடத்தில் நீங்கள் ஈசிஜிக்கு அடம் பிடித்தது மிகச் சரி.

மறுமொழி: உறையூர் அப்பா

சித்தியின் மயக்கத்தைப் பற்றி ஐயா எழுதியதில் எனக்கு மறுப்பில்லை; ஆனால் அதைப் படிக்கும் பிறர், அதிர்ச்சியில் வரும் மயக்கமெல்லாம் சாதாரணம் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

என் மகள் 13 வயதில் ஒரு விடியற்காலை, அலாரம் அடித்த கணத்தில், கட்டிலிலிருந்து எழ முயன்றபடியே நினைவிழந்தாள். இரண்டாம் முறை தொலைபேசி மணி. மூன்றாம் முறை பக்கத்துத் தெருவில் வெடித்த அணுகுண்டு வெடி. பயந்த சுபாவம் என்றார்கள். மந்திரித்துத் தாயத்தும் கட்டினோம். வலிப்புக்கு எட்டு மாதம் மாத்திரை கொடுத்தோம். நான்காவதாகப் பார்த்த மருத்துவர் ஈசிஜி காகிதத்தை மேசைமேல் விரித்து, அளவுகோலை வைத்து, அந்த க்யூடி இடைவெளியை அளந்தார். பிறகு அவர் கேட்ட கேள்வி, குடும்பத்தில் இளவயதில் திடீரென்று இறந்தவர்கள் உண்டா என்பது. என் மனைவியின் அக்கா 19 வயதில் உறக்கத்திலேயே போனவர். அதுவரை அதை யாரும் எங்களிடம் கேட்டதில்லை, நாங்களும் இணைத்துப் பார்த்ததில்லை.

பிறவியிலேயே க்யூடி நீண்டிருக்கும் இந்நோயில் வகைகள் உண்டு என்றும், ஒரு வகையில் ஓட்டமும் நீச்சலும், மற்றொரு வகையில் திடீர் ஒலியும், வேறொன்றில் உறக்கமே கூடவும் ஆபத்தாகலாம் என்றும் விளக்கினார்கள். என் மகள் இப்போது அட்ரினலினின் தூண்டுதலைத் தடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுத்துக்கொள்கிறாள். அவள் அறையில் அலாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. அவள் அம்மா தோளைத் தொட்டு எழுப்புகிறார். 5 ஆண்டுகளாக மயக்கம் இல்லை.

சித்திக்கு முகம் வெளுத்தது, வியர்த்தது. அதாவது உடல் முன்கூட்டியே சொல்லிவிட்டு விழுந்தது. என் மகளுக்கு எந்த முன்னறிவிப்பும் இருந்ததில்லை. முன்னறிவிப்பின்றி வரும் மயக்கம், ஓடும்போது வரும் மயக்கம், இளவயதுச் சாவு நடந்த குடும்பத்தில் வரும் மயக்கம் ஆகிய மூன்றையும் பயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

மறுமொழி: கீழவீதி

கேள்வி கேட்டவருக்கு ஒரு யோசனை. மேடை நடுக்கத்துக்கு என் நண்பர் ப்ரோப்ரனலால் பாதி மாத்திரை போட்டுக்கொள்வார். படபடப்பு பத்து நிமிடத்தில் அடங்கிவிடும் என்பார். இரவில் துடிப்பு தவறும்போது நீங்களும் முயன்று பார்க்கலாம்.

மறுமொழி: பழைய கரும்பலகை

தயவுசெய்து வேண்டாம். அது அட்ரினலின் வந்து அமரும் ஏற்பிகளை அடைக்கும் மருந்து. மூச்சுக்குழாயிலும் அதே குடும்பத்து ஏற்பிகள் இருப்பதால் வீசிங் உள்ளவருக்கு மூச்சு இறுகிவிடும். நாடி இயல்பிலேயே மெதுவாக இருப்பவருக்கு மேலும் குறைந்துவிடும். போதாக்குறைக்கு, விழுங்கிய மாத்திரை பத்து நிமிடத்தில் அப்படி வேலை செய்யவும் செய்யாது, உங்கள் நண்பரைத் தேற்றுவது பெரும்பாலும் நம்பிக்கைதான். கைக்கடக்கமாக ஏதாவது வேண்டுமென்றால் மூச்சு இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது வேகஸின் பிடி தளர்ந்து நாடி சற்று விரையும், விடும்போது பிடி இறுகி நாடி தணியும். மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள், இளையவர்களாயின் விரலுக்கே தெரியும். நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற அளவில், விடுவதை நீட்டி, ஐந்து நிமிடம் செய்தால் பலருக்குப் படபடப்பு தணிகிறது.

மறுமொழி: வடவாறு

எழுதிய அனைவருக்கும் நன்றி. எனக்கு ஈசிஜியும் எக்கோவும் எடுத்தார்கள், துடிப்பைத் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கருவியை ஒரு நாள் முழுக்க மாட்டியிருந்தேன்; முந்திய துடிப்புகள் இடையிடையே இருக்கின்றன, கவலைப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். சித்தியை விசாரித்தேன்: சிறுவயதில் ஒரு காதுகுத்தின்போது பக்கத்தில் நின்று பார்த்த சித்திதான் மயங்கி விழுந்தாராம். வீட்டில் எல்லோரும் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. கண்ணகி வழக்குரைத்த அவையில் பாண்டியன் தன் தவறு உணர்ந்து அரியணையிலேயே வீழ்ந்து இறந்தான் என்று படித்திருக்கிறோம். உண்மையிலேயே அதிர்ச்சியால் மட்டும் ஒருவர் இறக்க முடியுமா?

அக்காவிடம் மற்றொன்று. மாமாவின் தகனம் சனிக்கிழமையே முடிந்துவிட்டது. அம்மா தினமும் தம்பியை எடுத்தாகிவிட்டதா என்று கேட்கிறார். இன்னும் இல்லை, நீ வந்த பிறகுதான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்கு அழைத்துச் சென்ற பிறகு சொல்லலாம் என்பது பெரியவர்களின் கருத்து. என்ன செய்வது?

மறுமொழி: பழைய கரும்பலகை

காதுகுத்து நிகழ்ச்சி மிகவும் பொருத்தமான சான்று. ரத்தத்தையோ ஊசியையோ பார்த்து விழுபவர்களின் நரம்புகளுக்கு இந்தத் தலைகீழ்த் திருப்பம் இளமையிலிருந்தே பழகிய வழி.

அதிர்ச்சியால் இறக்க முடியுமா என்பதற்கு, விரும்பாமலே நிகழ்ந்த ஒரு பெரிய சோதனை இருக்கிறது. 1994 ஜனவரி 17 அதிகாலை 4:31க்கு லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே நார்த்ரிட்ஜில் நிலநடுக்கம் வந்தது. அந்த மாவட்டத்தில் இதயக் குழாய் நோயால் திடீரென இறப்பவர்கள் அதற்கு முந்தைய நாட்களில் சராசரியாக 4.6 பேர், அன்று 24 பேர். இவர்களில் 3 பேர் மட்டுமே வழக்கத்துக்கு மீறி உடலை வருத்திய வேளையில் இறந்தவர்கள். வியப்பு அடுத்த நாட்களில்தான்: அத்தகைய இறப்புகள் வழக்கமான அளவைவிடக் குறைந்தன. பழுத்து நின்ற இலைகள் அன்றே உதிர்ந்துவிட்டன. 2006 உலகக் கோப்பைக் கால்பந்தில் ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் பகுதியில் இதய அவசர நிலைகள் 2.66 மடங்காயின, அங்கும் ஏற்கெனவே குழாய் நோய் இருந்தவர்களின் பங்கு மற்ற நாட்களைவிட அதிகம். நெருங்கியவரை இழந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பின் வாய்ப்பு 21 மடங்கு என்று 2012இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. பயமுறுத்தும் எண்தான், ஆனால் ஒருவருக்கு ஒரு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மிகச் சிறியது, அதை 21 ஆல் பெருக்கினாலும் பெரும்பாலோர் துக்கத்தைத் தாண்டி வந்துவிடுகிறார்கள்.

ஆகவே, பழுதற்ற இதயத்தை அதிர்ச்சி மட்டுமே நிறுத்துவது மிக அரிது. குழாய் நோயோ, உறையூர் அப்பா சொன்னது போன்ற பிறவிக் கோளாறோ உள்ளே காத்திருக்கும்போதுதான் அது நடக்கிறது. பாண்டியனுக்கு எது இருந்தது என்று புலவரிடம் ஈசிஜி கேட்க இயலாது. அவனோடு அரசியும் வீழ்ந்தாள் என்பதை மட்டும் நினைத்துப் பார்க்கிறேன்; ஒரே அவையில், ஒரே செய்தியில், இரண்டு இதயங்கள்.

மறுமொழி: இரவுப்பணி

மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, மானிட்டர் இருக்கும்போதே, இங்கேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குப் போனதும் வாசலில் யாராவது கட்டிப்பிடித்து அழுது, அந்த நொடியில் அவருக்குத் தெரியவருவதைவிட இது மேல். ஒருவர் மட்டும் சொல்லுங்கள், அவர் சாய்ந்து படுத்திருக்கும்போது, சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆன பிறகு. செவிலியிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டால் அவர் திரையைப் பார்த்துக்கொள்வார். பதினாறாம் நாள் காரியத்துக்கு முன் ஒரு எக்கோவும் ஈசிஜியும் பார்த்துவிட்டு, நெடுநேரம் நிற்கவைக்காமல் அழைத்துச் செல்லலாம். டிஸ்சார்ஜ் சம்மரி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும்.

மறுமொழி: வடவாறு

இன்று மாலை 4 மணிக்குச் சொன்னேன். மருத்துவர் அறைக்கு வெளியே இருந்தார், செவிலி மருந்துச் சீட்டைப் பார்ப்பது போல் தலைமாட்டில் நின்றார். மாமாவைச் சனிக்கிழமையே எடுத்தாகிவிட்டது அம்மா என்றேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவைப் பார்க்கத் துணியாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்: 76 இருந்தது 81, 90, 104 என்று ஏறியது, ஒரே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்தது, அதன் பின்னாலிருந்த இடைவெளி எனக்கு மிக நீளமாகத் தெரிந்தது. பிறகு 104இலேயே நின்றது. ஆறேழு நிமிடம் கழித்து 90க்குக் கீழே இறங்கியபோதுதான் அம்மாவின் கன்னம் நனைந்திருப்பதைக் கண்டேன். கொள்ளி வைத்தது யார் என்று கேட்டார். பெரியவன்தான் என்றேன். சரி என்று தலையை அசைத்துவிட்டு, தண்ணீர் கேட்டார்.